கல்லின் கீழ்ப்பாதி

இராஜபாளையம்
18.4.1994

கர்த்தருக்குள் அன்பான ஜெயபாய் அத்தைக்கு,

இல்லை அத்தை, சோலைராஜ் மறக்கவில்லை. கல்வெட்டுகிறவர் ஓர் எழுத்தை மறக்கலாம். நான்கு வரியை மறக்கமாட்டார். வில்சன் அண்ணன் உங்களுக்கு அனுப்பிய போட்டோவில் அப்பாவின் கல்லறைக் கல்லின் கீழ்ப்பாதி வெறுமையாக இருப்பது கேமராவின் கோளாறும் அல்ல. அங்கே ஒன்றும் இல்லை. தெரிந்தேதான் அப்படி விட்டோம்.

முதலில் ஸ்தோத்திரம் சொல்லியிருக்க வேண்டும். ஸ்தோத்திரம். தேவ கிருபையால் அம்மாவும் நானும் சுகம். உங்கள் கண்ணும் முழங்காலும் மாமாவின் இருமலும் குணமாக ஜெபிக்கிறோம். இதுவரை அம்மா எழுதச் சொன்னது. இனி வருவது அவள் சொல்லாதது.

உங்கள் கடிதம் வந்த அன்று அதை இரண்டு முறை வாசித்தேன். "ஊர்ல செத்தவன் அத்தனை பேருக்கும் பாட்டு எழுதினவன் எந்தம்பி. அவன் கல்லு மொட்டையா நிக்கி. நாசரேத்துல நாலு பேரு கேட்டா நான் என்ன சொல்லுவேன்?" என்று கேட்டிருந்தீர்கள். அதற்குக் கீழே, "எம்.ஏ. படித்த மகள் இருந்தும்" என்று எழுதி அடிக்கோடு போட்டிருந்தீர்கள். கோடு தாளைத் தாண்டி அடுத்த பக்கத்திலும் தெரிந்தது.

நியாயமான கேள்வி. பதில்தான் நீளம். நான் நீளமாக எழுதுகிறவள் அல்ல. சிறுபத்திரிகையில் வந்த என் கவிதையைப் படித்துவிட்டு, "மீதி அடுத்த மாசமா?" என்று கேட்டவர் நீங்கள். அதே கவிதையை அப்பாவும் படித்தார். "மூச்சு விட நெறைய எடம் விட்டிருக்க. எனக்கு அப்படி விட முடியாது. விட்டா, அந்த எடத்துல ஒரு பேரப்பிள்ளை பேரைச் சேக்கச் சொல்லுவாங்க" என்றார். கேலியாகச் சொல்லவில்லை. கொஞ்சம் ஏக்கமாகச் சொன்னார்.

எல்லாம் தனுஷ்கோடித் தாத்தாவில் ஆரம்பித்தது. எண்பத்திரண்டாம் வருஷம் என்று நினைக்கிறேன். அப்பா இராஜபாளையம் சபைக்குப் போதகராக வந்த புதிது. அதுவரை, சபையில் யாராவது இறந்தால் அப்பா நான்கு வரி எழுதுவார், குழியருகே நின்று வாசிப்பார், குடும்பத்தார் அதைக் கல்லில் வெட்டிக்கொள்வார்கள், அதோடு சரி. தனுஷ்கோடித் தாத்தா நூற்பாலையில் மேஸ்திரியாக இருந்து ஓய்வு பெற்றவர். மெஷின் சத்தத்துக்கு மேல் பேசிப் பழகிய தொண்டை. ஜெபத்தைக்கூடக் கத்தித்தான் சொல்வார். ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அப்பாவைக் கோயில் வாசலில் நிறுத்தினார்.

"ஐயரே, செத்த பொறவு எனக்கு எழுதி என்ன பிரயோஜனம்? ஊரே கேக்கும், நான் ஒருத்தன்தான் கேக்க மாட்டேன். இப்பமே எழுதிக் குடுங்க. கேட்டுட்டு நிம்மதியாப் போறேன்."

அப்பாவுக்கு மறுக்கத் தெரியாது என்பது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். எழுதி எடுத்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்கே போனார். 'சாந்தமே உருவான' என்று தொடங்கியது. முதல் வரியிலேயே தாத்தா அழுதுவிட்டார். அவர் மனைவி வேலுத்தாய் அழவில்லை.

"சாந்தமா? இவியளா? ஐயரே, கல்லு வெடிச்சிரும்."

"ஏட்டி, சும்மா கெட. ஐயரே எழுதிட்டாரு."

"எழுதினா? நாளைக்கு நான்லா அந்தக் கல்லு முன்னால பூ வச்சிக்கிட்டு நிக்கணும். சிரிப்பு வந்துட்டுன்னா என்ன செய்ய?"

அப்பா அங்கேயே உட்கார்ந்து திருத்தினார். 'சத்தமாய் வாழ்ந்தாலும் சத்தியமாய் வாழ்ந்தவர்.' வேலுத்தாய் சற்று யோசித்தார். "சத்தியத்துலயும் ஒண்ணு ரெண்டு இடிக்கத்தான் செய்யுது. அது எனக்கு மட்டுந்தான் தெரியும். இருக்கட்டும்" என்று அனுமதி கொடுத்தார்.

கேட்டுவிட்டு நிம்மதியாகப் போகிறேன் என்ற தாத்தா போகவில்லை. கேட்டதில் தெம்பு வந்துவிட்டது. அதன்பின் நெடுநாள் இருந்தார். வருஷாவருஷம் அசனப் பண்டிகைச் சாப்பாடு முடிந்த கையோடு திருத்தத்துடன் வருவார். பேரன் துபாய் போயிருக்கிறான், அதைச் சேர்க்க வேண்டும். சின்ன மகனோடு பேச்சுவார்த்தை இல்லை, 'மைந்தர்கள் போற்ற' என்பதை 'மைந்தர்கள் சிலர் போற்ற' என்று மாற்ற வேண்டும். மறு வருஷம் சமாதானமாகிவிட்டது, அந்தச் 'சிலர்' போக வேண்டும். அப்பா சலிக்காமல் திருத்தினார்.

இது ஊருக்குத் தெரிந்ததும் எல்லோருக்கும் வேண்டியிருந்தது. சனிக்கிழமை காலையில் அப்பா பிரசங்கம் தயாரிக்க உட்காரும்போது வாசலில் ஆள் நிற்கும். நல்ல ஆரோக்கியமான ஆட்கள். சைக்கிளை ஸ்டாண்டு போட்டு நிறுத்திவிட்டு, "நம்மளுதையும் முடிச்சிட்டா ஒரு வேலை முடிஞ்சிரும் ஐயரே" என்பார்கள். ஒருவருக்கு ஆறு வரி போய்விட்டது என்று இன்னொருவர் சண்டைக்கு வந்ததால், எல்லோருக்கும் நான்கே வரி என்று அப்பா ஒரு சட்டம் போட்டார். ஊழியத்தில் அவர் கண்டிப்பாக இருந்தது இந்த ஒன்றில்தான்.

பிறகு அந்த நாய். உங்களுக்கு அரைகுறையாகத் தெரியும், முழுசாக யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். எதிர்த் தெருவில் ஒரு மில் முதலாளி வீடு. அவர்கள் சபையார் அல்ல. வீட்டில் தெலுங்கு பேசுவார்கள், எங்களோடு தமிழில் பேசுவார்கள், நாயோடு இரண்டும் பேசுவார்கள். வெள்ளை வேட்டைநாய், நம் ஊர்ச் சாதி. அது செத்ததும் அந்த வீட்டம்மா இரண்டு நாள் சாப்பிடவில்லை. தோட்டத்திலேயே புதைத்துவிட்டு, ஐயர் ஒரு பாட்டு எழுதித் தருவாரா என்று ஆள் அனுப்பினார்கள். அப்பா எழுதினார்.

குரைத்தது கொஞ்சம், காத்தது அதிகம்.
இரைத்தபடி ஓடிவந்த வாசல் இது.

இரண்டே வரி. நாய்க்கு இரண்டு போதும் என்று நினைத்தாரோ என்னவோ. அதுவரை அவர் எழுதியதில் இதுதான் உயர்ந்தது என்று எனக்கு இப்போதும் எண்ணம். அவர்கள் அதைப் பளிங்கில் பொறித்துவிட்டார்கள். சபைக் கமிட்டி கூடியது. கருங்கல்லில் தன் தாயாருக்குப் பாட்டு வெட்டியிருந்த ஒருவர் எழுந்து, "ஆத்துமா இல்லாத ஜீவனுக்குப் போதகர் பாட்டு எழுதலாமா? நாய்க்கு ஆத்துமா உண்டுன்னு வேதத்துல எங்க இருக்கு?" என்று கேட்டார்.

"வேதத்துல இல்லை," என்றார் அப்பா. "ஆனா அந்தம்மா அழுதது நெசம்."

கேள்வி ஆத்துமாவைப் பற்றியது அல்ல, பளிங்கைப் பற்றியது என்று யாரும் அப்பாவிடம் சொல்லவில்லை. அடுத்த மே மாத மாறுதலில் ஸ்ரீவில்லிபுத்தூர் வந்தது. இது எண்பத்தாறில்.

பாட்டும் அதே பஸ்ஸில் கூடவே வந்துவிட்டது. அப்பா சாமான்களை இறக்கி முடிப்பதற்குள், "எங்களுக்கும் உண்டுமா ஐயரே" என்று ஒருவர் வந்துவிட்டார். ஸ்ரீவில்லிபுத்தூர், அதைச் சுற்றிய கிராமத்துச் சபைகள், எல்லாவற்றுக்கும் டி.வி.எஸ். ஐம்பதில் போய்வந்தார். பிரசங்கம் ஒரு பையில், யாருடைய பாட்டாவது ஒன்று சட்டைப் பையில். கொஞ்ச வருஷத்தில் சபையில் பாதிப் பேரிடம் பாட்டு தயாராக இருந்தது. அவர்கள் மட்டும்தான் பாக்கி.

இதில் அப்பா நினைக்காத ஒன்று நடந்தது. எல்லோருக்கும் பாட்டு உண்டு என்றானதும், பாட்டில்லாமல் அடக்கமாவது அவமானமாகிவிட்டது. ஒருநாள் அடிகுழாயில் தண்ணீர்ச் சண்டை. ஒருத்தி இன்னொருத்தியைப் பார்த்து, "நீ பாட்டில்லாமத்தான்டி போவ!" என்று மண்ணை வாரித் தூற்றினாள். அப்பா கேட்டுக்கொண்டே அந்த வழியாக வந்தார். அன்று அவர் சாப்பிடவில்லை. "ஆறுதலுக்குன்னு ஆரம்பிச்சது, ஞானபாக்கியம்" என்று அம்மாவிடம் சொன்னாராம். வாக்கியத்தை முடிக்கவில்லையாம். அடுத்த ஞாயிறு பிரசங்க பீடத்தில் ஏறி, ஆண்டவர் சந்நிதிக்குப் போகப் பாட்டு அவசியமில்லை, யாரும் அதற்காக அலைய வேண்டாம் என்று அறிவித்தார். அடுத்த சனிக்கிழமை கூட்டம் இரட்டிப்பாக வந்தது. ஐயர் நிறுத்தப் போகிறார், முந்திக்கொள்ள வேண்டும் என்று.

அவர் எழுத விரும்பியது வேறு. மேற்கே மலை இருக்கிறதே, ஐப்பசி மழையில் அது காணாமல் போய் மறுபடி வருவதை எழுத வேண்டும் என்று ஒவ்வொரு ஐப்பசியிலும் சொல்வார். ஒவ்வொரு ஐப்பசியிலும் யாராவது இறந்துபோவார்கள். நான் விடுமுறையில் வந்திருந்தபோது ஒருமுறை, மலைப் பாட்டு என்ன ஆயிற்று அப்பா என்றேன். "மலை எங்கயும் போகாது, இன்பம். இவங்கதான் போயிருவாங்க" என்றார். மலை அங்கேதான் இருக்கிறது. பாட்டு இல்லை.

போன வருஷம் பங்குனியில் கான்சாபுரத்தில் ஆராதனை முடித்துவிட்டு வந்தார், அம்மாவிடம் சோறு வைக்கச் சொன்னார், நாற்காலியில் உட்கார்ந்தார். மிச்சம் உங்களுக்குத் தெரியும். அடக்கத்தன்று நீங்கள்தான் அம்மாவைப் பிடித்துக்கொண்டிருந்தீர்கள். பிறகு ஸ்ரீவில்லிபுத்தூரில் போதகர் வீட்டைக் காலி செய்துவிட்டு அம்மாவும் நானும் இராஜபாளையத்துக்கே திரும்பிவிட்டோம்.

குழியருகே அவருக்கு வாசிக்க ஒன்றும் இல்லை. வாசிக்கிறவர்தானே உள்ளே இருந்தார். கல் வைக்கும்போதாவது வேண்டும் என்று பேச்சு வந்தபோது அம்மா, "அவுக தனக்குன்னு ஒண்ணு எழுதியிருந்தாக" என்றாள். எண்பத்தேழில், அவள் கறிக்கு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது வாசித்துக் காட்டினாராம். முழுசாக நினைவில்லை. கடைசி வரி மட்டும் நினைவிருந்தது, அந்த வரிக்காக அவள் சண்டை போட்டதால். 'உதவாத பிள்ளைதான்; உள்ளே வரலாமா?' ஒரு போதகர் கல்லில் இப்படியா போடுவது, சபை என்ன நினைக்கும் என்று கேட்டிருக்கிறாள். "சபை உள்ள விட வேண்டாம். அவர் விட்டாப் போதும்" என்றாராம்.

தேடினோம். ஒன்றும் கிடைக்கவில்லை. அப்பா எதையும் வைத்துக்கொள்கிறவர் அல்ல. எழுதிய தாளை அந்தந்தக் குடும்பத்தாரிடமே கொடுத்துவிடுவார். அவர் கவிதைத் தொகுப்பு என்று ஒன்று உண்டென்றால் அது கல்லறைத் தோட்டம்தான்.

எனவே கமிட்டி பொறுப்பேற்றது. ஸ்ரீவில்லிபுத்தூர் சபைச் செயலர் வில்சன் அண்ணனுக்கு இராஜபாளையத்தில் பேண்டேஜ் கம்பெனி இருப்பது உங்களுக்குத் தெரியுமே. நல்ல மனிதர், அப்பா மேல் உயிர். அவரே ஒன்று எழுதிவந்தார். 'காயம் கட்டிய கரமே! கருணைத் துணியின் தரமே!' அம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "தம்பி, இதை நீங்க அட்டைப் பெட்டியில போடலாம்" என்றாள். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. போட்டுவிடுவார் என்றுதான் எனக்குப் பயம். இன்னொருவர், அப்பா காலத்தில் கட்டிய சுற்றுச்சுவர், மணிக்கூண்டு, கழிப்பறை மூன்றையும் சேர்த்துப் பாடியிருந்தார். கழிப்பறையைக் கல்லறைக் கல்லில் போடலாமா என்று கமிட்டி விவாதித்தது. போடக் கூடாது என்றால் அதற்கு நன்கொடை கொடுத்தவர் வருத்தப்படுவார். முடிவெடுக்காமல் ஜெபித்துக் கலைந்தார்கள்.

மகள் எழுதட்டுமே என்றும் ஒருவர் சொன்னார். உட்கார்ந்தேன். மூன்று சொல் எழுதி இரண்டை அடித்தேன். மிஞ்சியது 'அப்பா'. அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "இதுக்கு ஒரு எம்.ஏ.வா?" என்றாள்.

அளவு பார்க்க சோலைராஜோடு ஸ்ரீவில்லிபுத்தூர் கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன். அவர் நம் சபையார் இல்லை. ஆனால் அப்பாவின் பாட்டுகளை அப்பாவைவிட அதிக நேரம் பார்த்துக்கொண்டிருந்தவர். "கீழ நாலு வரிக்கு எடம் விட்டே அடிச்சிட்டேன்மா. ஐயர் பாட்டுன்னா நாலு வரிதான, எனக்குத் தெரியாதா? பாட்டைக் குடுங்க" என்றார். இன்னும் இல்லை என்றேன். அவர் நம்பவில்லை. வெயிலுக்கு ஒதுங்க வேலியோரம் போனேன். அங்கே, மற்ற வரிசைகளிலிருந்து தள்ளி, சின்னதாக ஒரு கல். தே. ரத்தினம். இறப்பு 1989. கீழே நான்கு வரி.

அழைத்த குரல் கேட்டேன். அரைவேலை விட்டு வந்தேன்.
இழைத்த பிழை எல்லாம் என்னோடே கொண்டுவந்தேன்.
கதவடைக்கும் நேரமோ? காத்திருந்து நிற்கிறேன்.
உதவாத பிள்ளைதான்; உள்ளே வரலாமா?

கடைசி வரியை மட்டும் மறுபடி வாசித்தேன். பிறகு முதலிலிருந்து.

"அதுவா? ரத்தினம் பாட்டு," என்றார் சோலைராஜ். "மில்லு வேலைக்காரரு. குடி ஜாஸ்தி. குழி வெட்டுற அன்னைக்கு நானும் நின்னேன். ஐயர் கையில தாளே இல்லம்மா. அப்படியே நின்னு சொன்னாரு. எல்லாரும் அசந்துட்டாங்க. நாங்க மாசக்கணக்காக் காத்துக் கெடக்கோம், குடிகாரனுக்கு நின்ன நெலையில வருதேன்னு ரெண்டு பேருக்குக் கோவம் வேற."

தாள் எதற்கு? சொந்தப் பாட்டு அவருக்கு மனப்பாடம். அந்த வருஷம் நான் மதுரையில் படித்துக்கொண்டிருந்தேன். அம்மா உங்கள் கண் ஆப்பரேஷனுக்காக நாசரேத்துக்கு வந்திருந்தாள். எங்கள் இருவருக்கும் தெரியாமல் போனது இப்படித்தான்.

ரத்தினத்தின் மனைவி ஏசம்மாள் அக்கா வில்சன் அண்ணன் கம்பெனியில்தான் பேண்டேஜ் சுருட்டுகிறார். ஞாயிறு மதியம் வீட்டுக்குப் போனேன். பாட்டைத் திருப்பிக் கேட்கத்தான் போனேன், அத்தை. எப்படிக் கேட்பது என்று வழியெல்லாம் வாக்கியம் அமைத்துக்கொண்டே போனேன்.

"ஐயர் மகதான? வாங்க பாப்பா, உக்காருங்க. கலரு வாங்கிட்டு வரச் சொல்லவா?" என்றார். வேண்டாம், கல்லில் எழுத்தைப் பார்த்தேன், அதுதான் விசாரிக்க வந்தேன் என்று இழுத்தேன். அது போதுமாயிருந்தது அவருக்கு.

"அன்னைக்குக் கமிட்டிக்காரவுக வேலியோரமா எடத்தக் காட்டிட்டு நகண்டுட்டாக. நற்கருணை எடுக்காத ஆளுன்னு. நான் ஒண்ணுமே கேக்கல பாப்பா. ஐயர்ட்ட மட்டும், 'ஐயரே, இவருக்குப் பாட்டு உண்டுமா'ன்னேன். அடிகுழாயில எம்புட்டுப் பேச்சு கேட்டிருப்பேன், ஒம்புருசன் பாட்டில்லாமத்தான் போவான்னு. ஐயர் செத்த நேரம் குழியப் பாத்துக்கிட்டே நின்னாரு. பொறவு சொன்னாரு பாருங்க."

சேலையில் ஒட்டியிருந்த நூலை எடுத்தார்.

"எனக்கு ஒண்ணுதான் ஆச்சரியம். அவரு சம்பளத்தன்னைக்குக் குடிச்சிட்டு வந்தா கத்த மாட்டாரு. வாசல்ல நின்னுக்கிட்டு, 'ஏசம்மா, உள்ள வரலாமா'ம்பாரு. பிள்ளையப் போல. நான் கதவுக் கொண்டியப் போட்டுட்டு உள்ள இருப்பேன். இது எங்க ரெண்டு பேருக்கு மட்டுந்தான் தெரியும். ஐயருக்கு எப்படித் தெரிஞ்சிச்சு?"

கல்லறைக்குப் போவதுண்டா அக்கா என்று கேட்டேன்.

"எனக்கு எழுத்துத் தெரியாது. வெரல வச்சுத் தடவிக்கிட்டே சொல்லுவேன். கடைசி வரி வந்ததும், 'வாரும்'ன்னு சொல்லிட்டுத்தான் வீட்டுக்கு வாரேன். இருந்தப்ப ஒருநாளும் சொல்லல."

அமைத்துக்கொண்டு போன வாக்கியத்தைத் திருப்பி எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அம்மாவிடம் சொன்னபோது உலையில் அரிசி போட்டுக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை. "ஒருநாள் கேட்டேன், ஒங்க பாட்டு எங்கன்னு. 'எழுதினேன், செலவாயிட்டு'ன்னாக. நான் வேற எதையோ சொல்றாகன்னு இருந்துட்டேன்" என்றாள். பிறகு, "குடுத்தது குடுத்ததுதான். கல்லு அப்படியே இருக்கட்டும்" என்றாள்.

அதனால்தான் கல் அப்படி இருக்கிறது. வேறு யாருடைய நான்கு வரியும் அந்த இடத்தில் உட்காராது.

இன்னொன்றும் இருக்கிறது, அதை உங்களிடம்தான் சொல்ல முடியும். ஏசம்மாள் அக்கா அந்த வாசலில் தன் புருஷனைப் பார்க்கிறார். நான் பார்ப்பது வேறு ஆளை. தன்னை உதவாத பிள்ளை என்று எழுதி மனப்பாடம் செய்துகொண்ட ஒரு மனிதர் ஞாயிறுதோறும் பீடத்தில் ஏறி எங்களுக்குத் தைரியம் சொல்லியிருக்கிறார். நாங்கள் கீழே உட்கார்ந்து மணி பார்த்திருக்கிறோம். எதில் உதவவில்லை என்று அவர் நினைத்தார்? பாட்டிலா, ஊழியத்திலா, எங்களுக்கா? இறந்தவர்கள் வீட்டு வாசல் ஒவ்வொன்றிலும் நின்று ஆறுதல் சொன்னவருக்குத் தன் வாசலைப் பற்றி அவ்வளவு சந்தேகம். யாராவது ஒருவர் அவர் இருக்கும்போதே வாரும் என்று சொல்லியிருக்கலாம். அம்மா சபை என்ன நினைக்கும் என்றாள். நான் கேட்கவே இல்லை. நீங்கள் அக்கா. உங்களிடம் ஏதாவது சொல்லியிருக்கிறாரா?

நாசரேத்தில் கேட்கிறவர்களுக்கு, வேலை பாக்கி இருக்கிறது என்று சொல்லிவிடுங்கள். ரத்தினம் கல்லின் கதையை யாரிடமும் சொல்ல வேண்டாம். வில்சன் அண்ணனிடம் அறவே வேண்டாம், ஒரு கமிட்டி கூடிவிடும். ஏசம்மாள் அக்காவுக்கு இது ஒருநாளும் தெரியக் கூடாது. அந்தக் கீழ்ப்பாதி என்றைக்கும் வெறுமையாகவே இருக்கும், இதில் அம்மாவும் நானும் உறுதியாக இருக்கிறோம்.

மாமாவுக்கும், பக்கத்து வீட்டு டீச்சருக்கும், என்னைக் கேட்கிற எல்லோருக்கும் எங்கள் ஸ்தோத்திரம். ஆண்டவர் உங்களை முழங்கால் வலியில்லாமல் படியேற்றி இறக்குவாராக.

கர்த்தருக்குள் தங்கள் அன்புள்ள,
பா. இன்பம்

பி.கு. நேற்று சாயங்காலம் கவரை ஒட்டுவதற்குள் ஏசம்மாள் அக்கா வந்துவிட்டார். கம்பெனி முடிந்து நேராக வந்திருந்தார். தலைமுடியெல்லாம் பஞ்சு. உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"ஐயரம்மா, நேத்து கல்லறைக்குப் போனேன். ஐயர் கல்லு கீழ வெறுசாக் கெடக்கு. எனக்குச் சோறு எறங்கல. ஊருக்கெல்லாம் எழுதிக் குடுத்தவுகளுக்கு ஒண்ணு குடுக்க ஆளில்லையா? எங்க வீட்டுக்காரர் பாட்டை ஐயருக்குத் தாரேன். போட்டுக்கிடுங்க. அவரு ஒண்ணும் சொல்ல மாட்டாரு. இருந்தப்பவும் சட்டையக் கூடக் கழட்டிக் குடுத்துட்டு வாற ஆளுதான்."

அம்மா என்னைப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்தேன்.

"ரெண்டு கல்லுலயும் ஒரே பாட்டு இருந்தா ஒனக்குச் சங்கடமா இருக்காதா, ஏசம்மா?"

"என்னத்துக்கும்மா சங்கடம்? ஒரே ஜெபத்த வாசிச்சுத்தான ரெண்டு பேரையும் மண்ணுல வச்சாக." கொஞ்சம் தயங்கினார். "ஒண்ணே ஒண்ணு. கோயிலுக்கு ஒவ்வொருத்தரும் ஃபேனு குடுத்திருக்காக, பெஞ்சு குடுத்திருக்காக, எல்லாத்துலயும் பேரு இருக்கு. நாங்க ஒண்ணும் குடுத்ததில்ல. கல்லுல அடியில சின்னதா அவரு பேரப் போட்டா…"

அம்மா சிரித்துவிட்டாள். ஒரு வருஷத்துக்குப் பிறகு. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு அது சிரிப்புதானா என்று எனக்குத் தெரியவில்லை. "போடுவோம், கண்டிப்பாப் போடுவோம்" என்றாள்.

போதகர் ஒரு குடிகாரரின் பாட்டைக் கடன் வாங்கிக்கொண்டார் என்று இனி ஊர் பேசும். வில்சன் அண்ணன் உங்களுக்கு இன்னொரு போட்டோவும் இன்னொரு கடிதமும் அனுப்புவார். மேலே நான் உறுதி என்று எழுதியதை அடித்துவிட்டு வாசியுங்கள்.

இன்று காலை ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஏறி சோலைராஜ் பட்டறைக்குப் போனேன். நான்கு வரியையும் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்தேன். அடியில் சின்னதாக, 'அன்பளிப்பு: தே. ரத்தினம்' என்று எழுதினேன்.